அந்தோணியார் ஊரில் அம்மா

விளம்பரத்தில் மூன்றாவது மாடி என்று போட்டிருந்தது. லிஃப்ட் இல்லை என்றும் போட்டிருந்தது, அதை நான் படிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓட்டுக் கூரைகளும் அதற்கு அப்பால் தேஜோ ஆறும் தெரிகிற ஒரு படத்தைப் பார்த்த மயக்கத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். அதனால் 67 வயதில், இரண்டு முழங்காலிலும் தேய்மானத்தோடு, முதல்முறையாக விமானம் ஏறி வந்த என் அம்மா லிஸ்பனில் செய்த முதல் காரியம் 58 படி ஏறியது. எண்ணிக்கொண்டேதான் ஏறினாள். மேலே வந்து மூச்சு வாங்கியபின், "அம்பத்தெட்டு. தெனம் ரெண்டு தடவ ஏறி எறங்குனா எவ்வளவுன்னு நீயே கணக்குப் போட்டுக்க" என்றாள். பெட்டி இன்னும் கீழேதான் இருந்தது.

அந்தப் பெட்டியின் கதை தனி. தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் ரயிலில் சென்னைக்கு வந்தபோதே அதில் பாதி சாப்பாடு. சென்னையில் என் வீட்டில் வைத்துத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஐரோப்பாவுக்குள் பால் பொருள் கொண்டுபோகக் கூடாது, அதனால் நெய் போனது. கறிவேப்பிலையும் போனது. கருவாட்டுக்கு மட்டும் தடையில்லை, மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம் என்று விதி சொல்கிறது. இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்தக் கண்டத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. "நெய்ய வேண்டாம்னு சொல்லி கருவாட்ட விடுதான்னா வெவரமான ஆளுவதான்." விசாவுக்குக் கைரேகை எடுத்த அன்று பாதி நாள் போனதால் அதுவரை அவளுக்குக் கோபம்தான் இருந்தது. ஐம்பது வருஷம் மீன் கழுவி, பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கும்? கண்ணாடியின்மேல் விரலை வைக்க வைக்க இயந்திரம் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விரலை மேலே இருந்து அழுத்திப் பிடித்து ஒருவழியாக வாங்கினாள்.

நாங்கள் எடுத்த வீடு அல்ஃபாமாவில். லிஸ்பனின் மிகப் பழைய பகுதி, 1755 பூகம்பத்தில் நகரத்தின் பெரும்பகுதி விழுந்தபோது பாறைமேல் இருந்ததால் ஓரளவு தப்பித்தது. தப்பித்ததால்தான் சந்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, டாக்சி உள்ளே வராது. ஃபாடோ அருங்காட்சியகத்தின் முன்னால் எங்களை இறக்கிவிட்டு டாக்சிக்காரர் போய்விட்டார். அங்கிருந்து மேடு. சிறு சிறு சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதை, பார்க்க அழகு, பெட்டியின் சக்கரத்துக்கு எமன். பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு கீழே ஓட, அம்மா சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே இறங்கினாள். எடுத்து வந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னும் அது எங்கள் வீட்டில் இருக்கிறது, எதற்கென்று தெரியாது.

வீட்டுக்காரம்மா தரைத்தளத்தில் இருந்தார். அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. எங்களைப் பார்த்ததும் ஏதோ நீளமாகப் பேசிவிட்டு ஏப்ரன் பையிலிருந்து எடுத்து நீட்டி, "ஷாவ்" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாவிங்காட்டி!"

அதற்கப்புறம் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்க, மேலே வந்து வீட்டைச் சுற்றிக்காட்டிய அந்த அம்மாவோடு என் அம்மா நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவர் ஜன்னலைத் திறந்து "ஜனேலா" என்றார், அம்மா "ஆமா, ஜன்னல்" என்றாள். மேசையைத் தட்டி "மேசா". அலமாரிக் கதவைத் திறந்து "அர்மாரியு". உள்ளே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து "துவால்யா" என்றதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். எட்டாம் வகுப்பில் திசைச்சொற்கள் என்று தமிழ் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியல்தான் இது. போர்த்துகீசியம்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை, ஏலம், பாதிரி. இரண்டு மார்க். அதை வைத்து ஒரு வீட்டில் குடியேறலாம் என்று டீச்சருக்கும் தெரிந்திருக்காது.

அவர் போனபின் அம்மாவுக்கு விளக்கினேன். போர்த்துகீசியர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தது, 1530களில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது, சவேரியார் இதே லிஸ்பனிலிருந்து 1541இல் கப்பல் ஏறி அடுத்த வருஷம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது, அவர்கள் சொற்களெல்லாம் நம் பேச்சில் தங்கியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "நம்மகிட்ட இருந்து இவங்க எடுத்திருப்பாங்க." இல்லையம்மா, அவர்களுடைய சொல்தான் நமக்கு வந்தது. "நீ கண்டியா? மொளகு எடுத்துட்டுப் போனவன் சொல்ல விட்டுட்டா போவான்?" இந்த வாதத்தில் நான் இன்றுவரை ஜெயிக்கவில்லை.

மே மாதம். இந்தியாவைவிட நாலரை மணி நேரம் பின்னால். இரவு எட்டரைக்கும் வெயில். "வெயில் அடிக்கையில படுத்தா வீடு வெளங்குமாட்டி?" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் சொன்ன வாக்கிலேயே சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் குளித்து, கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு, மறுநாளைக்கான என் எக்ஸெல் அட்டவணையைச் சரிபார்த்துவிட்டு (ஆமாம், போட்டிருந்தேன், அரை மணி வாரியாக) படுத்தேன்.

விழித்தபோது சரியாக நள்ளிரவு. அறையில் விளக்கு எரிந்தது. அம்மா குளித்து, தலை சீவி, மாற்றுச் சேலை உடுத்தி, செபமாலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவள் எழுந்திருக்கிற நாலரை மணி அது. கீழே எங்கோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், கூடவே கிதார்.

"யாரு வீட்டுலயோ எழவு விழுந்திட்டு போல," என்றாள்.

எழவு இல்லையம்மா, ஹோட்டல். ஃபாடோ என்று ஒரு பாட்டு, சாப்பிட வருகிறவர்கள் காசு கொடுத்துக் கேட்பார்கள்.

"காசு குடுத்தா அழுகையக் கேக்காங்க?" என்றவள் செபமாலையை மடியில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஊரில் துட்டி வீடுகளில் ஒப்பாரியை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான், எது எங்கே ஏறவேண்டும் எங்கே உடையவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணிவரை கேட்டாள். கைதட்டல் ஓய்ந்ததும், "நல்லாத்தான் அழுதா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மணியை உருட்டினாள். யுனெஸ்கோ 2011இல் ஃபாடோவைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதைவிட இது பெரிய சான்றிதழ் என்று எனக்குத் தோன்றியது, தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணமான இடத்துக்குப் போனோம். அம்மாவுக்கு அந்தோணியார்தான் எல்லாம். எனக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து விடாமல் அடித்தபோது உவரியில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை வருவதாக வேண்டிக்கொண்டு, கைக்குழந்தையான தம்பியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தவள். உவரிக் கடற்கரையில் அந்தோணியார் வந்த கதையிலும் ஒரு போர்த்துகீசியக் கப்பல் இருக்கிறது: கப்பலில் காலரா, தச்சர் ஒருவர் அந்தோணியார் சுரூபத்தைச் செதுக்க, நோய் நின்றது, சுரூபம் கரையில் தங்கியது என்பார்கள்.

லிஸ்பன் பேராலயத்துக்கு எதிரிலேயே, அதன் வாசலுக்குச் சற்றுக் கீழே, அந்தோணியார் கோயில் இருக்கிறது. பார்த்ததும் அம்மாவுக்கு ஏமாற்றம், எங்கள் பனிமய மாதா கோயிலின் பரப்பில் பாதிகூட இல்லை. கீழே நிலவறைக்கு ஒரு படிக்கட்டு. அவர் பிறந்த வீடு இருந்த இடம் அதுதான் என்று நம்புகிறார்கள். மேலே இருந்த கோயில் பூகம்பத்தில் போய், பிற்பாடு திரும்பக் கட்டியது. அதற்காக ஊர்ப் பிள்ளைகள் தெருத்தெருவாக அந்தோணியாருக்கு ஒரு காசு என்று கேட்டு வசூலித்தார்கள் என்று சொல்வார்கள்.

படியில் வைத்தே சண்டை ஆரம்பித்தது. "பதுவைப் பதியர்னுதான பாட்டுலயே வருது. இவங்க எப்படி இங்கன பொறந்தாருங்காங்க?"

1195இல் பிறந்தது இங்கே, 1231இல் இறந்தது இத்தாலியில் பதுவை நகருக்குப் பக்கத்தில், அடக்கம் பதுவையில். அதனால் உலகத்துக்குப் பதுவை அந்தோணியார், லிஸ்பன்காரர்களுக்கு மட்டும் லிஸ்பன் அந்தோணியார் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "கெட்டிக்குடுத்த ஊரச் சொல்லுத மாதிரி."

அப்படித்தான் என்றேன். அப்புறம், பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அந்தத் தகவலைச் சொன்னேன். அந்தோணி என்பது பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்து.

அம்மா படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்பானியக் குடும்பம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுப் பெயர் பர்னாந்து. எங்கள் தெருவில் பாதி வீடு பர்னாந்து. தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்து, நடு ஊரில் சிலையாக நிற்பவர் குரூஸ் பர்னாந்து. "நம்ம பர்னாந்தா?" என்று கேட்டாள். மெதுவாக. நான் ஆமாம் என்றேன். ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துகீசியர் தங்கள் பெயரை நமக்கு விட்டுப்போனார்கள் என்கிற வரலாற்றையெல்லாம் அந்த நேரத்தில் எடுக்கத் தோன்றவில்லை.

நிலவறையில் அரை மணி நேரம் இருந்தாள். 1982இல் போப் இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து செபித்ததைப் பீங்கான் ஓட்டில் வரைந்து பதித்திருக்கிறார்கள். அந்தப் போப்பை 1986இல் சென்னையில் பார்க்கப் பங்கிலிருந்து பஸ் பிடித்துப் போனவள் அம்மா. வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்ததாம். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். உப்பும் மிளகும். உவரியில் காணிக்கை போடுவதுபோலப் போட, ஊரிலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். அங்கே உப்பு மிளகு போட இடம் எதுவும் இல்லை. மெழுகுவத்தித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கோயில் வேலை பார்க்கிற பெண் ஒருவர் வந்து, பிரித்துப் பார்த்து, எங்களைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். வெளியே வந்தபின் நான் வருத்தப்பட்டேன். அம்மா படவில்லை. "கொழம்புக்குப் போட்டுக்கிடுவா. தூத்துக்குடி உப்பு."

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு அடி வாங்கினோம். உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ் காய், சின்ன பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. நல்ல உபசாரம் என்று அம்மா ஆலிவை உப்பு நெல்லிக்காய் என்று பெயரிட்டு ஒன்றுவிடாமல் முடித்தாள். பில்லில் எல்லாவற்றுக்கும் விலை. போர்த்துகலில் இது வழக்கம்தான், கூவேர் என்பார்கள், வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிவிடலாம், காசு கிடையாது. எல்லாப் பயணக் குறிப்பிலும் இருக்கிற விஷயம். லிஃப்டைப் போல இதையும் நான் படிக்கவில்லை. "பந்தியில உக்காந்தவனுக்கு வச்ச எலைக்கும் காசு கேப்பாங்க போல," என்று தமிழில் சிரித்தபடியே சர்வரிடம் சொன்னாள், அவரும் சிரித்து நன்றி சொன்னார். பொரித்த மீனும் தக்காளிச் சோறும் வந்தது. ஆமாம், தக்காளிச் சோறேதான், கொஞ்சம் குழைந்து, தண்ணீராக. ஐரோப்பாவில் தலைக்கு மிக அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். ஒரு வாரத்துக்கு ஆகும் என்று நான் சென்னையில் வாங்கி அடைத்திருந்த உடனடி உப்புமா பொட்டலங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

திங்கட்கிழமை பெலேம். என் அட்டவணையின் சிகரம் அதுதான்: ஜெரோனிமுஸ் மடாலயம், வாஸ்கோ ட காமாவின் கல்லறை, பக்கத்தில் தொல்பொருள் அருங்காட்சியகம். அருங்காட்சியகம் ஏன் என்றால், தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் அவர்களிடம்தான் இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சடித்தது, தமிழ் செபங்களை ரோமன் எழுத்தில் போட்டது, அதைச் செய்ய உதவியவர்கள் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்திருந்த மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள். 15ஆம் எண் டிராமில் போய் இறங்கினால் மடாலயத்துக் கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. அருங்காட்சியகமோ புதுப்பிப்பு வேலைக்காக மாதக் கணக்கில் மூடல். அரை மணி வாரியாக அட்டவணை போட்டவள் கிழமையைப் பார்க்கவில்லை.

வெளிச் சுவரின் கல் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கயிறு முறுக்கினதுபோல, பவளக்கொடி படர்ந்ததுபோலக் கல்லிலே. மனுவேல் ராஜா 1500களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்தது, காசு ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகள் மீதான வரியிலிருந்து வந்தது, நூற்றுக்கு ஐந்து, அந்த வரியின் பெயரிலேயே மிளகு இருந்தது. இதைச் சொன்னதும் அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூட்டைப் பார்த்தாள்.

"நம்ம பக்கத்து மொளகுல கெட்டிப்புட்டு நமக்கே பூட்டா?"

அதற்குமேல் போர்த்துகீசிய வரலாற்றைப் பற்றி நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவர்கள் சொல் கொடுக்கக் கப்பல் ஏறவில்லை, முத்துக்கும் மிளகுக்கும்தான் வந்தார்கள், முத்துக்குளித்தவர்களிடம் வரியும் பிடுங்கினார்கள்.

பக்கத்தில் 1837 முதல் நடக்கிற அந்தப் பெரிய இனிப்புக்கடை திறந்திருந்தது. வரிசையில் நின்று உள்ளே போய் உட்கார்ந்தோம். காபி விஷயத்தில் அதற்குள் தேறியிருந்தோம். முதல் நாள் பிக்கா என்று விரல்கடை அளவு கோப்பையில் கறுப்பாக வந்ததைப் பார்த்து "இது மருந்தா?" என்றவள், கலாவ் என்று கேட்டால் உயரமான கண்ணாடித் தம்ளரில் முக்கால் பாலோடு வரும் என்று கண்டுகொண்டாள். பலகாரம் வந்தது, சூடாக, மேலே கருகல் புள்ளிகளோடு. பட்டைப் பொடியைத் தூவிக் கடித்துவிட்டு முட்டை மஞ்சளா என்று கேட்டாள். ஆமாம், அந்தக் காலத்தில் கன்னியர் மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துவிடுவார்களாம், மிஞ்சின மஞ்சளில் பிறந்த பலகாரங்கள் இவை என்பார்கள்.

அம்மா பையைத் திறந்து மக்ரூன் டப்பாவை எடுத்தாள். வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும், எங்கள் ஊர் பேக்கரி. இதையும் போர்த்துகீசியர்தான் விட்டுப்போனார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. ஒன்றை எடுத்து அந்தத் தட்டில், மஞ்சள் பலகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "வெள்ள நமக்கு, மஞ்ச இவங்களுக்கு. பங்கு பிரிச்சிருக்காங்க பாரு." போட்டோ எடுக்கச் சொன்னாள். மூன்று நாளில் அவளாகக் கேட்டு எடுத்த முதல் போட்டோ அதுதான்.

திரும்புகிற வழியில் அர்செனால் தெருவில் இறங்கி நடந்தோம். மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. அடுக்கடுக்காகப் பலகை போலக் காய்ந்த பெரிய பெரிய மீன், பக்கல்யாவ், வடக்கே நார்வே பக்கத்துக் கடலில் பிடித்து உப்புப் போட்டது. கடைக்காரர் பார்க்கும்போதே ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து, "உப்பு நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாள். விலையை ரூபாயாக மாற்றிச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள். கடைகளின் பெயர்ப் பலகைகளில் கோமஸ், பெரைரா, மச்சாடோ என்று எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் ஒரு ஆள் இருந்தார், ஒருவர் சீட்டுப்பணம் பாக்கி வைத்தவர்.

கார்மோ மடத்துக்கு அன்று போனது அட்டவணையில் இல்லை. கூரை இல்லாத கோயில். கல் வளைவுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, மேலே வானம். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைப் பூசை நேரம், எல்லாக் கோயிலிலும் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கூரை விழுந்தது, நெருப்புப் பிடித்தது. கட்டடங்களிலிருந்து தப்பித்தவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள்.

"தண்ணி மொதல்ல உள்ள போச்சா?" என்று கேட்டாள்.

போனது. ஆற்றின் அடி தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. இலங்கை மறைத்ததில் தூத்துக்குடி பெரிதாக அடிபடவில்லை. குளச்சல் அடிபட்டது, அம்மாவின் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அம்மா ஒரு உடைந்த தூணின் அடியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புறாக்கள் வளைவிலிருந்து வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தன. பூட்டுகிற நேரம் ஆகி, காவலாளி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று இரவு வெயில் இறங்கும்வரை விழித்திருந்தாள். மறுநாள் செவ்வாய், அந்தோணியார் கிழமை, காலைப் பூசைக்குப் போகவேண்டும், அலாரம் எல்லாம் வேண்டாம், நான்தான் நடுச்சாமத்திலேயே முழிக்கேனே என்றாள்.

நான் கண் விழித்தபோது எட்டேகால். பக்கத்தில் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. இறங்கி, ரொட்டி வாங்கி, ஏறி, பால் காய்ச்சி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு எழுந்தாள்.

"மணி என்ன?"

சொன்னேன்.

"ஏட்டி! செவ்வாக்கெழம பூசைக்கு வாரேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்!"

அடுத்த பூசைக்குப் போகலாம், இல்லையென்றால் நாளைக்கு என்றேன்.

"நாளைக்கு வாரேன்னு சொல்ல அது என்ன ஓம் ஆபீஸா?" பாதிப் பின்னலோடு செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்துவிட்டாள், ரொட்டி கையில். நான் பையைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடியிலிருந்து அவள் குரல்: "சாவிய எடுத்தியா? சாவி!"

தரைத்தளத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "ஷாவ்?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவியோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.